காலுக்கு ஒரு நீதி, வயிற்றுக்கு ஒரு நீதி

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். கையில் எடுத்த பத்திரிகையைப் பிரிப்பதற்குள் வாசலில் இருவர் வந்து நின்றார்கள். ஒருவர் நமக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமானவர். மற்றவள் அவருடைய மகள். நம்மிடம் இரண்டு வருஷம் ரசாயனம் படித்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள்.

நாட்றம்பள்ளியை அறியாத வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், வாணியம்பாடியைக் கடந்து கிருஷ்ணகிரியை நோக்கிப் போகும் வழியில், ஏலகிரி மலையைக் கண்ணால் காணும் தூரத்தில் இருக்கும் சிற்றூர் இது. 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. தோல் தொழில் செழித்த ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எல்லாம் நமக்குக் கிழக்கே இருக்கின்றன. விடியற்காலையில் பஸ் ஏறி அந்த ஆலைகளுக்குப் போய், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். வந்தவரும் அப்படிப்பட்டவர்தாம். காலணி செய்து அயல்நாட்டுக்கு அனுப்பும் ஒரு ஆலையில் அவருக்கு வேலை.

“ஸார், பெண் பிடிவாதம் பிடிக்கிறாள். ரசாயனம் படிக்க வேண்டுமாம். படிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நிற்க மாட்டாளாம். சாப்பாட்டில் கலந்திருக்கும் விஷத்தை ஆராய்ச்சி செய்வதே ஆயுள் முழுவதும் தனக்கு வேலை என்கிறாள். இப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டா, ஸார்?” என்றார்.

பெண் தலை குனிந்துகொண்டுதான் பேசினாள். ஆனால் பேச்சில் தயக்கம் இல்லை. “அப்பா வேலை பார்க்கிற இடத்தில் ஒரு ஜோடி காலணிக்கு எத்தனை சோதனை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார், ஸார். வெளிநாட்டுக்காரர் காலில் மாட்டிக்கொள்வதற்கு அத்தனை சோதனை. நாம் தினம் குடிக்கிற பாலை யார் சோதிக்கிறார்கள்?”

தகப்பனார் அவளை உள்ளே போய் வீட்டிலுள்ளவர்களோடு பேசிக்கொண்டிருக்கச் சொன்னார். அவள் போனபின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேலை கிடைக்குமா என்பது ஒரு கவலை, ஸார். இன்னொன்று உண்டு. எங்கள் சோறு தோலில் இருக்கிறது. நாளைக்கு இவள் படித்துவிட்டு வந்து, பாலாற்றில் அது இருக்கிறது, நெல்லில் இது இருக்கிறது என்று எழுதினால், எங்கள் அடுப்பில் நாங்களே தண்ணீர் ஊற்றிக்கொண்டது போல் ஆகாதா?”

அவர் கேட்டதும் நியாயம். பெண் கேட்டதும் நியாயம். பட்டதாரி ஆசிரியர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தும், அன்று நமக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. “இரண்டு வாரம் பொறுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டுப் புத்தகங்களைப் புரட்டினோம். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறோம். இத்தகைய கேள்விகள் வேறு வீடுகளிலும் எழுந்திருக்கும் அல்லவா?

தோல் கற்ற பாடம்

பெண் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. காலணிக்குச் சோதனை வந்த கதை தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

முற்காலத்தில் நம் நாட்டில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டே தோல் பதனிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையைப் பரீட்சித்து நிலைநாட்டினார். பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய வேலை குரோமில் வெகு சீக்கிரம் முடிந்தது. சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-ல், சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பச்சைத் தோலை ஏற்றி அனுப்பிய தேசம், பதனிட்ட தோலையும், பின்னர் காலணியையும் அனுப்பும் நிலைக்கு உயர்ந்தது.

அப்படியிருக்கையில், 1989-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தார் ஒரு சட்டம் செய்தார்கள். ஈரத் தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைப் போடுவது அப்போது வழக்கம். ஒரு கிலோ பொருளில் அந்த மருந்து 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எங்கள் நாட்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். சில ஆண்டுகளில் சிலவகைச் சாயங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. தோல் வட்டாரம் முழுவதும் கலங்கியது. பிழைப்பே போயிற்று என்றார்கள் பலர்.

ஆனால் பிழைப்புப் போகவில்லை. அதைக் காத்தவர்கள் ரசாயனம் படித்தவர்கள். எந்தத் தோலில் எவ்வளவு மருந்து நிற்கிறது என்று அவர்கள் அளந்தார்கள். மாற்று மருந்து எது என்று பார்த்தார்கள். ஆலைக்கு ஆலை முறையைத் திருத்தினார்கள். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2015-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. உடம்பில் படும் தோற்பொருளில் ஆறு இணைதிறன் உள்ள குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டலாகாது என்பது அது. அந்த விதியையும் நம்மவர்கள் அளந்து அளந்தே சமாளித்து வருகிறார்கள்.

ஆகவே, “அளப்பவள் வந்தால் அடுப்பு அணையும்” என்ற அச்சத்துக்குத் தோல் தொழிலே பதில் வைத்திருக்கிறது. அளப்பவர் வந்ததனால்தான் அந்த அடுப்பு இன்னும் எரிகிறது.

வைக்கோலிலிருந்து நெய் வரை

இனி வயிற்றின் கதைக்கு வருவோம். பாலை யார் சோதிக்கிறார்கள் என்று கேட்டாள் அல்லவா? சோதித்தவர்கள் உண்டு. அவர்களில் தமிழர்களும் உண்டு என்பது நமக்குப் பெருமை.

நம் தலைமுறை விவசாயிகள் பி.எச்.சி. பொடியை மறந்திருக்க மாட்டார்கள். நெற்பயிரில் பூச்சி கண்டால் அந்தப் பொடியைத் தூவுவதுதான் வழக்கம். வீட்டுச் சுவரில் கொசுவுக்கு டி.டி.டி. அடித்தார்கள். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவினால் மாண்டுகொண்டிருந்த ஜனங்களுக்கு அது அமிர்தமாகவே இருந்தது. அந்த நன்றியை மறைப்பது முறையன்று.

ஆனால் இவ்விரண்டுக்கும் ஒரு குணம் உண்டு. நீரில் எளிதில் கரையமாட்டா, கொழுப்பில் கரையும். மண்ணிலும் உடம்பிலும் சீக்கிரம் சிதையமாட்டா. ஜப்பானில் 1969-ஆம் ஆண்டில் பசும்பாலில் பி.எச்.சி. இருப்பதைக் கண்டு திடுக்கிட்டார்கள். வயலில் தூவிய மருந்து வைக்கோலில் தங்கி, வைக்கோல் மாட்டின் வயிற்றுக்குப் போய், மாட்டிலிருந்து பாலில் இறங்கியிருந்தது. 1971-ல் அங்கே இரண்டு மருந்துகளுக்கும் முடிவு கட்டினார்கள். நம் நாட்டிலோ பல ஆண்டுகள் அவை தொடர்ந்தன.

ஜப்பானின் ஷிகோகு தீவில் எகிமே பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ரியோ தத்சுகாவா, ஷின்சுகே தனாபே என்ற பேராசிரியர்கள் இத்தகைய நீடித்த விஷங்களின் யாத்திரையை ஆராய்ந்தார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த சுப்பிரமணியன், ரமேஷ் முதலிய நம்மவர்கள் அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கும் வெள்ளாற்றின் நீரையும், அதன் பாசன வயல்களையும், அங்கே வீசும் காற்றையும் பருவம் தோறும் எடுத்து அளந்தார்கள். அவர்கள் கண்டது வியப்புக்குரியது. வயலில் தூவிய பி.எச்.சி.யில் ஆற்றோடு போய்க் கடலில் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் நம் வெயிலில் ஆவியாகிக் காற்றில் ஏறிவிடுகிறது. காற்றுக்கு எல்லை ஏது? இங்கே தூவியது எங்கோ குளிர்ந்த கடலில் போய் இறங்குகிறது.

இந்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர் குருந்தாசலம் கண்ணன். தமிழ்நாட்டிலிருந்து எகிமே சென்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். 1992-ஆம் ஆண்டில் அவரும் தனாபே, ரமேஷ், சுப்பிரமணியன், தத்சுகாவா ஆகியோரும் இந்திய உணவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் நகரங்களில் விற்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலைச் சாமான், பால், வெண்ணெய், மீன், இறைச்சி எல்லாவற்றையும் அளந்து எழுதியது அது. சராசரி இந்தியன் ஒருவன் நாள் ஒன்றுக்கு 115 மைக்ரோகிராம் பி.எச்.சி.யும் 48 மைக்ரோகிராம் டி.டி.டி.யும் உணவோடு உட்கொள்கிறான் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். முன்னேறிய நாடுகள் பெரும்பாலானவற்றில் கண்டதைவிட இது அதிகம்.

இந்த விஷம் எந்த வாயில் வழியாக முக்கியமாக வந்தது? பாலும் பால்படு பொருள்களும் இறைச்சியும்தாம். காய்கறியை அலம்பினால் போதும் என்று நிம்மதியாக இருந்த நமக்கு இது புதிய பாடம். வைக்கோலில் இருந்தது பாலுக்கு வந்தது. பாலின் கொழுப்பு வெண்ணெயில் திரண்டது. வெண்ணெய் உருகி நெய்யாயிற்று. படிக்குப் படி கொழுப்புச் செறிய, அதோடு விஷமும் செறிந்தது. குழந்தைக்குப் பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி நெய் விடும் தாய்க்கு இது எப்படித் தெரியும்? நிறத்தில் தெரியாது, மணத்தில் தெரியாது, நாவிலும் தெரியாது.

மறு ஆண்டு, 1993-ல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்லிற்று. 12 மாநிலங்களில் எடுத்த 2,205 பால் மாதிரிகளில் நூற்றுக்கு 82-ல் டி.டி.டி. காணப்பட்டது. நூற்றுக்கு 37-ல் அது கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்திருந்தது. டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989-லேயே தடுக்கப்பட்டது; பி.எச்.சி. 1997-ல் தடைப்பட்டது. தடை வந்த நாடுகளில் தாய்ப்பாலில் கூட இந்த விஷங்களின் அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்திருக்கிறது. ஆதலால் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுப் பாலையும் நெய்யையும் கொட்டிவிட வேண்டாம். நாம் சொல்வது பழைய கணக்கு. அந்தக் கணக்கைப் போட ஒருவர் முன்வந்தார் என்பதே இங்கே விஷயம்.

ஒரு சிப்பத்தில் ஒரு அரிசி

இந்த வேலை எத்தகையது என்று தகப்பனார் கேட்டார். நமக்குத் தெரிந்த உவமையில் சொன்னோம்.

25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றில் பத்து லட்சத்துக்குக் குறையாத அரிசிகள் இருக்கும். அதில் ஒரே ஒரு அரிசி விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுவே பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். அப்படி ஆயிரம் சிப்பங்களைக் குவித்து, மொத்தத்துக்கும் ஒரே அரிசி என்றால், அது நூறு கோடியில் ஒரு பங்கு. இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அந்த ஒரு அரிசியைத்தான் தேடுகிறார்கள்.

தேடும் முறை சமையலுக்கு வெகு தூரமானதன்று. பொருளை அரைக்கிறார்கள், கரைப்பானில் ஊறவைத்துச் சாரம் இறக்குகிறார்கள், மண்டியையும் கொழுப்பையும் நீக்கித் தெளிய வைக்கிறார்கள். அந்தத் தெளிவில் ஒரு துளியை, மயிரிழைபோல் மெல்லியதும் பல கஜம் நீண்டதுமான ஒரு குழாயில் சூடேற்றி ஓட்டுகிறார்கள். கலந்து புகுந்த பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் தனித்தனியே வெளிப்படுகின்றன. வெளிப்பட்டது இன்னதென்று அதன் எடையைக் கொண்டு மற்றொரு கருவி அடையாளம் சொல்கிறது.

ஆனால் கருவி பாதி வேலைதான் செய்கிறது. மறு பாதி சந்தேகம். அதுவும் பிறர்மேல் கொள்ளும் சந்தேகம் அன்று. தன்மேலேயே கொள்ளும் சந்தேகம். உணவே இல்லாமல் வெறும் பாத்திரத்தை மட்டும் வைத்து முழுச் சோதனையையும் ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும்; விஷம் தன் பாத்திரத்திலிருந்தே வந்திருக்கக்கூடும் அல்லவா? தெரிந்த அளவு விஷத்தைத் தானே கலந்து, அது முழுவதும் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மாதிரியை இரண்டு தரம் அளக்க வேண்டும். எங்கே, எந்த நாளில், எந்த நேரத்தில் எடுத்தது என்று எழுதாத மாதிரியை அளப்பதில் பயனில்லை. பத்து நாளில் ஒரு எண் கிடைக்கும். பத்து ஆண்டில் ஒரு உண்மை கிடைக்கும்.

இந்த வேலையைச் செய்ய ஆளில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில், கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சி மருந்து கசிந்து படிந்த உணவுப் பண்டங்களை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1968-ல், பூச்சி மருந்துச் சட்டம் பிறந்தது. 1974-ல் இராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று, கல்லீரல் கெட்டு, 106 பேர் இறந்தார்கள். அங்கே நாய்களும் மாண்டன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலியோர் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, அப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சே காரணம் என்று உலகுக்கு அறிவித்தார்கள். ரமேஷ் பட் உணவு நஞ்சுகளை ஆராய்வதிலேயே தம் உத்தியோக காலத்தைக் கழித்தவர். “இப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டா?” என்ற கேள்விக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

குற்றமும் சொல்லும், குற்றமின்மையும் சொல்லும்

கண்ணனின் கதை எகிமேயோடு முடியவில்லை. அவர் அமெரிக்கா சென்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கீஸி என்பவரோடு வேலை செய்தார். பின்னர் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் வாட்ஸ்வொர்த் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். 2001-ல் கீஸியும் கண்ணனும் எழுதிய ஒரு கட்டுரை உலகத்தின் கவனத்தை ஈர்த்தது.

கறை படியாத துணி, தண்ணீர் ஒட்டாத தோல் முதலியவற்றுக்காகப் புளோரின் சேர்ந்த சில ரசாயனங்களைச் செய்தார்கள். அவற்றில் ஒன்று, ஆலையே இல்லாத வடதுருவத்துப் பனிக்கரடி முதல் கடற்பறவை வரை, பல பிராணிகளின் உடம்பில் இருப்பதை இருவரும் எடுத்துக் காட்டினார்கள். 2009-ல் அந்தப் பொருள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மழையில் நனைந்தாலும் ஈரம் ஏறாத காலணி செய்யும் நம் வட்டாரத்துக்கு இது அயலார் செய்தி அன்று.

அவர் 2004-ல் வெளியிட்ட மற்றொரு கணக்கைத் தகப்பனாருக்கு அழுத்திச் சொன்னோம். பல தேசத்து மக்களின் இரத்தத்தில் அதே ரசாயனத்தை அளந்தார் கண்ணன். அமெரிக்காவிலும் போலந்திலும் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 நானோகிராமுக்கு மேல் இருந்தது. எல்லாவற்றிலும் குறைவாக, 3 நானோகிராமுக்குக் கீழே, இருந்த தேசம் இந்தியா. பி.எச்.சி. விஷயத்தில் நம்மைக் கூண்டில் நிறுத்திய அதே கை, இந்த விஷயத்தில் நாம் மற்றவர்களைவிட மேல் என்றும் எழுதிற்று. அளவுகோலுக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. அதனால்தான் அதன் சாட்சி செல்லும்.

பாலாறு சொல்லும் நீதி

சாட்சி காலத்தில் வராமற் போனதன் விலையைப் பாலாறு அறியும். பதனிட வரும் தோல் கெடாமலிருக்கத் தன் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு உப்பை அப்பிக்கொண்டு வருகிறது. ஊறவைக்கும் நீரில் அந்த உப்பு முழுவதும் இறங்குகிறது. ஒரு கிலோ தோலைப் பக்குவம் செய்ய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறுகிறது. பல ஆண்டுகள் இந்த நீர் ஏரிக்கும் ஓடைக்கும் ஆற்றுக்கும் போயிற்று. கிணறுகள் உவர்த்தன, தென்னை வாடிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு வந்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆராய்ச்சிக் கணக்கு அத்தீர்ப்பில் இடம் பெற்றது. கெடுத்தவன் விலை கொடுக்க வேண்டும், ஐயம் உள்ள இடத்தில் முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகள் அன்று இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றன. அதற்குப் பின் நஷ்ட ஈடு கணக்கிடப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. எனினும் 2025-ஆம் ஆண்டு ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னமேயே கிணறு கிணறாக அளந்து சொல்ல ஆளிருந்து, அவர் சொல்லைக் கேட்கவும் ஆளிருந்திருந்தால், விவசாயியும் ஆலைக்காரரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றிருக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் வட்டாரத்தில் வதந்திக்கும் குறைவில்லை. ‘அந்த அரிசி முழுவதும் குரோமியம்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஊர் நெல்லை வாங்க ஆளிராது. ஆனால் ஆராய்ச்சி சொல்வது வேறு. மண்ணில் உள்ள குரோமியத்தைப் பயிர் எடுத்தாலும், பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. மணிக்கு ஏறுவது மிகச் சொற்பம். பயிரைக் கொன்றதில் உப்புக்கே பெரும் பங்கு. குடிநீரின் கதை தனி. அதில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்திய நியமம். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்துச் சொல்லும் ஒருவர் ஊரில் இருப்பது எத்தனை பெரிய பாதுகாப்பு!

பெண்ணுக்குத் தகுமா?

இந்தக் கேள்வியைத் தகப்பனார் வாய்விட்டுக் கேட்கவில்லை; ஆனால் மனத்தில் இருந்தது. அதற்கும் ஒரு கதை சொன்னோம்.

1933-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து கமலா பாக்வத் என்ற பெண், ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் நாம் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் பெங்களூரில், இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இடம் கேட்டார். பெண் என்பதனால் இடமில்லை என்றார் அங்கே தலைவராயிருந்த ஸர் சி. வி. ராமன். கமலா திரும்பிப் போகவில்லை. காரணம் சொல்லுங்கள் என்று நின்றார். ஓராண்டு பரீட்சார்த்தமாக இருக்கலாம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். அவர் வேலையைக் கண்ட ராமன் பின்னர்ப் பெண்களுக்கு இடம் அளித்தார். 1939-ல் கமலா கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையிலும் வேலை பார்த்தார். விவாகத்துக்குப் பின் கமலா ஸோஹோனி என்று அறியப்பட்ட அவர், முதிய வயதிலும் ஓயாமல், 1966-ல் பம்பாயில் தோன்றிய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தில் சேர்ந்து, கலப்படத்தைப் பற்றி இல்லத்தரசிகளுக்குப் புரியும்படி எழுதி வந்தார்.

தொண்ணூறு வருஷத்துக்கு முன் அவருக்கு அடைத்திருந்த கதவு இன்று நம் பெண்களுக்குத் திறந்திருக்கிறது. திருப்பத்தூரில் 1951 முதல் கல்லூரி இருக்கிறது. அங்கோ வேறெங்கோ ரசாயனத்தில் பட்டமும் மேற்பட்டமும் பெற ஐந்து ஆண்டு. பிறகு அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால் ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத்தில் ஊட்டச்சத்து நிலையம், கோயமுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம், அடையாற்றில் தோல் நிலையம் என்று வாயில்கள் பல. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சர்க்கார் சோதனைச் சாலைகளுக்கு உணவுப் பகுப்பாய்வாளர்களும் வேண்டும். பெருஞ்செல்வம் சேரும் உத்தியோகம் இது என்று நாம் சொல்லவில்லை. கௌரவமாக ஜீவிக்கலாம், அதற்கு மேல், தேசத்துக்குச் செய்த வேலை என்று ஒன்று கணக்கில் நிற்கும்.

சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்களை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். நூறு கோடியில் ஒரு பங்கைத் தேடி ஆயுளைச் செலவிடுகிறவர்களுக்கு மாலையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. அவர்களுடைய வெற்றி, நிகழாமற் போன ஒரு நோய்; அழாமல் தூங்கிய ஒரு குழந்தை. அயலான் காலில் அணியும் செருப்பை மூன்று மில்லிகிராம் வரை கணக்குப் பார்த்து அனுப்பும் நாம், சொந்தக் குழந்தையின் பால் டம்ளருக்கு அந்தக் கணக்கைப் பார்ப்பது வீண் வேலை என்றால், காலுக்கு ஒரு நீதி, வயிற்றுக்கு ஒரு நீதி என்றுதானே ஆகும்?

இவ்வளவையும் கேட்ட தகப்பனார் வெகு நேரம் பேசவில்லை. கடைசியில், “சரி, ஸார். ஒரு நிபந்தனை. முதலில் எங்கள் வீட்டுக் கிணற்றை அளக்கட்டும். என்ன இருந்தாலும் என்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்” என்றார்.

நம் பள்ளிச் சோதனைச் சாலையில், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி ஒன்று உண்டு. மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே பெண் வந்துவிட்டாள். கையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் அவர்கள் கிணற்று நீர். மற்றொன்று வெறும் பாட்டில்.

“இது எதற்கு?” என்று கேட்டோம்.

“பாட்டிலில் ஏதாவது இருந்தால், ஸார்?” என்றாள்.

இரண்டின்மேலும் இடம், தேதி, நேரம் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.